தங்கிப்போன வெளிச்சம்

செப்டம்பர் 3, புதன்

மதுரை ஆஸ்பத்திரியில் இன்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். புது மருந்து, சோதனைக்காகப் போடுவது. அதனால் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினார்கள். தினமும் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று குறிப்பதற்கு அச்சடித்த தாள்கள் கொடுத்திருக்கிறார்கள். அதில் எல்லாம் கட்டங்கள்தான். கட்டத்துக்குள் அடங்காததை எழுதத்தான் பஸ் ஸ்டாண்டு கடையில் இந்த டைரியை வாங்கினேன்.

டாக்டர் இந்திராணி நிதானமாகப் பேசுகிறார். நான் கேட்டேன்: "கேரட், முருங்கைக்கீரை, ஈரல்னு எல்லாம் சாப்பிட்டுப் பாத்தாச்சு மேடம். அப்படியும் ஏன் இந்த மாலைக்கண்ணு போக மாட்டேங்குது?"

"உங்க உடம்புல வைட்டமின் ஏ நிறையவே இருக்கு. கண்ணோட பின்சுவர்ல அதை வேற ஒரு வடிவமா மாத்தித் தரணும். அது கிடைச்சாத்தான் வெளிச்சத்தைப் பிடிக்கிற செல் வேலை செய்யும். உங்க குடும்பத்துல அந்த மாத்துற வேலை சரியா நடக்கல. செல் பட்டினி கிடக்கு."

"மாத்துனதையே நேரா உள்ள குடுத்துட்டா?"

"அதைத்தான் செய்யப் போறோம். ஆனா அது தண்ணியில கரையாது. தனியா விட்டா வழியிலயே கெட்டுப் போகும். தேவைக்கு மேல சேர்ந்தா செல்லையே அரிச்சிடும். அதனால ஒரு புரதத்து மேல ஏத்தி அனுப்புறோம். கண்ணுக்குள்ள இயற்கையாவே இப்படிச் சுமக்குற புரதம் உண்டு. அதைப் பாத்து நாங்க செஞ்சது இது. சரியான செல்கிட்ட போய் மருந்தை இறக்கிவிடும்."

"ஜீப்புல ஆள் ஏத்திட்டுப் போற மாதிரி."

டாக்டர் சிரித்தார். "நீங்க டிரைவரா?"

"இருந்தேன். இப்ப ஏலக்காய் ஸ்டோர்ல வேலை."

வண்டி ஓட்டுகிறவர்களைச் சேர்ப்பதில்லை என்று அந்தத் தாளிலேயே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அன்னக்கொடி முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். போடி வந்து சேரும்வரை அவள் பேசவில்லை. பஸ்ஸில் வந்தால் அவளுக்கு எப்போதும் தலை சுற்றும்.

செப்டம்பர் 5, வெள்ளி

பூப்பாறை எஸ்டேட். என் ஜீப்பில் வந்த பெண்கள் ஏலக்காய் எடுக்கப் போய்விட்டார்கள். அவர்கள் சாயங்காலம் திரும்பும்வரை எனக்கு இந்த ஷெட்தான். பகலில் கண்ணில் ஒரு குறையும் இல்லை. டைரி எழுத நல்ல இடம்.

என்னுடைய தொழிலைப் பற்றி எழுதிவைக்கிறேன். சில்லமரத்துப்பட்டியில் விடிவதற்கு முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் செக்போஸ்ட் தாண்டி, மலை ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் விட வேண்டும். பொழுது சாயும்போது திரும்பவும் இறக்கிக்கொண்டு வர வேண்டும். இருபது வருடமாக இதே மலை, இதே வளைவுகள். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று மற்ற டிரைவர்கள் என்னைச் சொல்வார்கள்.

அண்ணன் பரமசிவத்துக்கு நாற்பது வயதில் சுத்தமாகப் பார்வை போய்விட்டது. எனக்கு இப்போது நாற்பத்தொன்று. அப்பா தன் சொந்த அக்கா மகளைக் கட்டினார். அண்ணன் அத்தை மகளைக் கட்டினார். அதனால்தான் இது வருகிறது என்கிறார்கள். அண்ணன் மகள் தாரணிக்கும் பத்து வயதிலேயே தொடங்கிவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவள்தான் பிள்ளை. காலேஜ் இரண்டாம் வருடம். பொழுது சாய்ந்தால் யார் கையையாவது பிடித்துக்கொண்டுதான் நடப்பாள்.

காலையில் இடதுபக்கக் கண்ணாடி பாறையில் லேசாக உரசிவிட்டது. எதிரே வந்தவன் ஒதுங்கவில்லை.

கங்காணி ஒச்சம்மாக்கா ஆடி மாதத்திலிருந்து முன்சீட்டில்தான் உட்காருகிறார். முன்பெல்லாம் பின்னால் பெண்களோடு இருப்பார். முன்னால் வந்ததிலிருந்து பேச்சு ஓய்வதில்லை. "தம்பி, மேலருந்து லாரி வருது பாரு, எம்புட்டு லோடு", "இந்தா, இங்கன வலப்பக்கம் மண்ணு சரிஞ்சு கெடக்கு", "வளைவுல எவனோ மாட்டை விட்டுட்டுப் போயிட்டான்". வயதானால் சிலருக்கு வாய் அதிகமாகிவிடும் போல.

செப்டம்பர் 11, வியாழன்

வலது கண்ணில் ஊசி போட்டார்கள். வலி இல்லை. மருந்துக் குப்பியைக் கறுப்புத் தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். அறையில் சிவப்பு விளக்கு மட்டும்தான். சாதாரண வெளிச்சம் பட்டால் மருந்து கெட்டுப்போகுமாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடியோடு கிடக்கிறேன். இன்னொரு ஜீப் டிரைவர் காசிமாயன் என் பெண்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிறான். அன்னக்கொடி ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருக்கிறாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் பின்வாசலில் கை கழுவப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கொடியில் காய்ந்த துணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. துவைகல்லுக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா. அதற்கு மேலே ஒரு பல்லி. இடது கண்ணை மூடினேன், பல்லி இருந்தது. வலது கண்ணை மூடினேன், எல்லாம் கறுப்பு.

அன்னக்கொடியைக் கூப்பிட்டு, "உன் காதுல என்ன, புதுத் தோடா?" என்று கேட்டேன்.

"இது போட்டு நாலு வருசமாச்சு," என்றவள், அங்கேயே துவைகல்லில் உட்கார்ந்து அழுதாள்.

செப்டம்பர் 24, புதன்

இன்று மலையில் நானாக ஓட்டினேன். எழுதியபிறகு பார்க்கிறேன், என்னவோ போல் இருக்கிறது இந்த வாக்கியம். எப்போதும் நான்தான் ஓட்டுகிறேன். சொல்ல வந்தது, ஓட்டுவது சுகமாக இருந்தது என்று.

இருட்டில் ரோட்டோரத்து வெள்ளைக் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. புலியூத்து அருவி பாறையில் கம்பி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவது வளைவுக்கு மேலே ஒச்சம்மாக்காவின் பேச்சு குறைந்துவிட்டது. பிறகு நின்றே விட்டது. திரும்பிப் பார்த்தால், தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். முன்சீட்டில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

தாளில் எல்லாக் கட்டத்திலும் "நன்று" என்று குறித்தேன். பொய் இல்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. ஜீப்பைக் கழுவிச் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். தாரணி வந்திருந்தாள். "சித்தப்பா, எப்படி இருக்கும்? எனக்குச் சொல்லுங்க," என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில், "இருட்டு கொஞ்சம் தள்ளிப் போய் நிக்கும்மா," என்றேன். அதைத் தன் அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அண்ணன் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் சொல்லி அவளையும் சேர்க்க வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

இறங்கும்போது எதிரே ஒரு டெம்போ பெரிய லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. கடந்து போனபிறகும் அதன் லைட் வலது கண்ணிலேயே நின்றது. வெள்ளையாக, ஒரு சோற்றுப் பருக்கை அளவில். அடுத்த வளைவு வருவதற்குள் அது மறைந்துவிட்டது.

எல்லோருக்கும் லைட்டைப் பார்த்தால் கண் கூசத்தான் செய்யும்.

அக்டோபர் 9, வியாழன்

இடது கண்ணிலும் ஊசி போட்டாயிற்று. நான்தான் கேட்டேன். டாக்டருக்குச் சந்தோஷம். போடுவதற்கு முன்னால் தாளைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வலி?"

"இல்லைங்க."

"பூச்சி பறக்கிற மாதிரி?"

"இல்லைங்க."

"வெளிச்சம் பட்டபிறகு அது கண்ணுலயே தங்குதா? வெள்ளையா ஏதாவது?"

"இல்லைங்க."

"அப்படி ஏதாவது வந்தா உடனே சொல்லணும். ஊசியை நிறுத்திட்டுத்தான் மத்ததைப் பாப்போம். எலியில சிலதுக்கு வந்துச்சு. மனுசருக்கு இதுவரைக்கும் இல்ல."

ஒரு பருக்கை அளவுக்கு வந்ததை வெள்ளை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவில் பிள்ளைகள் புஸ்வாணம் கொளுத்தினார்கள். ஊசிக்குப் பிந்தைய ஒரு வார அடைப்பு முடிந்து, வாசலுக்கு வந்து நின்று பார்த்தேன். இரண்டு கண்ணும் சேர்ந்து அப்படி ஒரு வெளிச்சத்தை நான் சிறுவயதிலும் பார்த்ததில்லை. தீப்பொறி ஒவ்வொன்றும் விழுந்து அணைகிற வரைக்கும் தெரிந்தது.

பிறகு வீட்டுக்குள் வந்தால் அன்னக்கொடி இருக்கும் இடத்தில் வெள்ளை. சுவரில் வெள்ளை. தட்டில் வைத்த அதிரசத்தின் மேல் வெள்ளை. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். காலையில் இல்லை. ஆகவே அது புகைதான்.

அக்டோபர் 28, செவ்வாய்

இத்தனை நாள் என் வண்டியில் வந்த ராக்காயியும் அவள் மருமகளும் இன்றிலிருந்து காசிமாயன் ஜீப்பில் போகிறார்கள். அவன் சீட்டுக்குப் புதிதாகப் பஞ்சு வைத்திருக்கிறான். போன வாரம் இன்னும் இரண்டு பேர் போனார்கள். அவர்களுக்கும் பஞ்சுதான் காரணமாக இருக்கும்.

ஒச்சம்மாக்கா மறுபடி பேசத் தொடங்கிவிட்டார். இப்போது முன்பைவிட அதிகம். வளைவுக்கு வளைவு பேச்சு. இன்று எனக்கே எரிச்சல் வந்து, "கொஞ்ச நேரம் சும்மா வாங்கக்கா," என்றேன். அவர் சும்மா வந்தார். கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. பின்னாலிருந்த ஒரு பெண் யாரையோ வேண்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வண்டியை ஏற்றினேன்.

"பனி கூடிருச்சு," என்றேன்.

"ஆமா தம்பி, பனிதான்," என்றார் ஒச்சம்மாக்கா.

இப்போது எழுதும்போது யோசித்துப் பார்க்கிறேன். வானம் தெளிவாக இருந்ததா என்று நினைவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

அன்னக்கொடி வாசற்படி ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறாள். எதற்கு வீண் செலவு என்று கேட்டேன். "மழைக்கு வழுக்குதுங்க," என்றாள்.

ஜீப் சாவியை எப்போதும் மாட்டுகிற ஆணியில் காணவில்லை. காலையில் அரிசிப் பானைக்குள் கிடைத்தது. அவளுக்கு இப்போதெல்லாம் மறதி.

நவம்பர் 7, வெள்ளி

டாக்டர் போன் செய்தார். எல்லாரையும்விட என் தாள்தான் நன்றாக இருக்கிறதாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம்கூடக் காட்டினார்களாம். அதை வைத்துத்தான் அடுத்த ஆட்களைச் சேர்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. தாரணியின் பெயர் முதலில் இருக்கிறது.

அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தாரணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் சிரித்திருப்பாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றதால் எனக்கு முகம் சரியாகத் தெரியவில்லை.

நவம்பர் 12, புதன்

தாரணிக்கு வலது கண்ணில் ஊசி.

அண்ணனால் வர முடியாது என்பதால் சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். உள்ளே கூப்பிடும் முன் டாக்டர் அவளிடம், "பயமா இருந்தா உங்க சித்தப்பாவைக் கேளும்மா. இந்த மருந்தைப் பத்தி அவருக்குத்தான் அதிகம் தெரியும்," என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "என்ன சித்தப்பா, போகட்டுமா?"

"போம்மா. நல்லாத் தெரியும்."

வெளியே வெயில். பஸ் ஸ்டாண்டில் எந்த போர்டையும் படிக்க முடியவில்லை. அன்னக்கொடி என் முழங்கையைப் பிடித்து போடி வண்டியில் ஏற்றினாள். 

நவம்பர் 13, வியாழன்

நல்ல மழை. எஸ்டேட் லீவு.

நவம்பர் 20, வியாழன்

அன்னக்கொடி ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துக் கொடுத்திருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். இன்று சாயங்காலம் நடந்தது இது.

மழையால் வேலை தாமதமாகத்தான் முடிந்தது. போடிமெட்டில் டீ குடித்துவிட்டு இறங்கும்போது வெளிச்சம் போய்விட்டது. பனியும் இருந்தது. இந்த முறை உண்மையாகவே பனி. ஒச்சம்மாக்கா விடாமல் பேசிக்கொண்டு வந்தார். "இந்தா வேல் குத்தியிருக்க கல்லு வந்துருச்சு. இப்ப இடப்பக்கம் மலை, ஒட்டியே வா. லாரி ஒண்ணு ஏறி வருது, நெறைய லைட்டு போட்டுருக்கான், கீழ பாத்துக்க."

நான் கீழே பார்க்கவில்லை. லாரி வளைவில் திரும்பியபோது அதன் விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் என் கண்ணில் விழுந்தன. லாரி போய்விட்டது. வெளிச்சம் போகவில்லை. முன்பெல்லாம் ஒரு பருக்கை, ஒரு தட்டு என்று இருந்தது. இது அப்படி இல்லை. ஸ்டியரிங் இல்லை. கை இல்லை. கண்ணை மூடினேன், மூடிய கண்ணுக்குள்ளும் அதே வெள்ளை.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வளைவு எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இருபது வருடம் தெரிந்த வளைவு. ஒடித்தேன்.

"நிறுத்து," என்றார் ஒச்சம்மாக்கா. கத்தவில்லை. பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

மிதித்தேன். வண்டி முன்பக்கம் தாழ்ந்து நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது. எங்கேயோ கீழே தண்ணீர் ஓடும் சத்தம்.

"அக்கா, எங்க நிக்கிறோம்?"

அவர் வெளியே எட்டிப் பார்ப்பது சீட்டின் அசைவில் தெரிந்தது. பிறகு, "காலை எடுத்துராத தம்பி. பிரேக்கை அப்படியே பிடிச்சிரு. என் பக்கத்துச் சக்கரத்துக்குக் கீழ ஒண்ணுமில்ல," என்றார். பின்பக்கம் திரும்பி அதே குரலில், "ஒவ்வொருத்தரா பின்னாடி எறங்குங்கடி. குதிக்காம, மெல்ல. தூக்குவாளிய எடுக்காதீங்க," என்றார்.

ஒவ்வொரு பெண்ணும் இறங்கும்போது வண்டி ஒரு பக்கம் லேசாக அசைந்தது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அசைவை எண்ணிக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். கடைசியில் ஒச்சம்மாக்கா சீட்டுக்கு மேலே ஏறிப் பின்பக்கமாகப் போனார். பிறகு சுற்றி என் பக்கம் வந்து, தோளைப் பிடித்தார்.

"ஹேண்ட் பிரேக்கு போடு. இப்ப நீ வா."

ரோட்டில் உட்காரவைத்தார்கள். பெண்கள் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காசிமாயன் வந்து சங்கிலி போட்டு ஜீப்பை இழுத்தான்.

"உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆடியில இருந்து," என்றார் ஒச்சம்மாக்கா.

"தெரிஞ்சும் ஏன் ஏறுனீங்க?"

"எறங்கிட்டா உன் பொழப்பு போயிரும். நடுவுல நல்லாத்தான இருந்த. அப்புறம் திரும்ப ஆரம்பிச்சப்ப, நீயே சொல்லுவன்னு பாத்துக்கிட்டே வந்தேன். இந்தப் பொம்பளைகளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன், சொல்லு." என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "இன்னமே உன் வண்டிக்கு நான் வர மாட்டேன் தம்பி."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தாரணியிடமிருந்து அன்னக்கொடியின் போனில் செய்தி வந்திருந்தது. அன்னக்கொடி வாசித்தாள்: "சித்தப்பா, இன்னிக்குச் சாயங்காலம் மொட்டைமாடிக்கு யாரும் பிடிக்காம நானே ஏறுனேன்."

அவள் போனைக் கீழே வைத்தாள். "நாளைக்குக் காலையில மதுரைக்குப் போறோம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நவம்பர் 21, வெள்ளி

நான்தான் சொன்னேன்.

டாக்டர் இந்திராணி பேனாவை மூடி வைத்த சத்தம் கேட்டது. "எப்ப இருந்து?"

"ஆயுத பூசைக்கு அப்புறம்."

"இடது கண்ணுக்குப் போடுறதுக்கு முன்னாடியே?"

"ஆமாங்க."

"தாரணிக்குப் போட்டப்ப?"

"தெரியும்ங்க."

"வண்டி ஓட்டிக்கிட்டே இருந்திருக்கீங்க."

"ஆமாங்க."

அவர் கோபப்படவில்லை. எழுந்துபோய் யாருக்கோ போன் செய்தார். இன்னும் நான்கு பேருக்குப் போட்டிருக்கிறார்கள், எல்லோரையும் உடனே வரச்சொல்ல வேண்டும் என்று பேசுவது கேட்டது. பிறகு படம் எடுத்தார்கள், பரிசோதித்தார்கள். மத்தியானம் கூப்பிட்டுச் சொன்னார்:

"புரதம் நாங்க நெனச்சதைவிடச் சீக்கிரமா மருந்தை விட்டுடுது போல. செல் எடுத்தது போக மிச்சம் அங்கேயே தேங்கியிருக்கு. பலமான வெளிச்சம் படப்பட அது செல்லை அரிச்சிருக்கு. நீங்க தெனமும் எதிர் லைட்டுல ஓட்டியிருக்கீங்க. மொதல் வெள்ளையைச் சொல்லியிருந்தீங்கன்னா அங்கேயே நிறுத்தியிருப்போம்."

"இனிமே?"

"உங்களுக்கு நடுப்பகுதி போயிருச்சு. ஓரத்துல இருக்கறதைக் காப்பாத்தப் பாக்குறோம்."

"தாரணி?"

"ஒரு ஊசிதான். ஒன்பது நாள்தான் ஆகுது. மருந்து வடியற வரைக்கும் அவ கண்ணுல வெளிச்சமே படக்கூடாது. இன்னைக்கே."

நவம்பர் 22, சனி

நேற்று ராத்திரியே அண்ணன் வீட்டு உள்ளறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டினார்கள். நான் சொல்ல வேண்டியதை வாசலில் நின்று சொன்னேன்.  தாரணி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன், "எனக்கு இது வராதுன்னு சொல்லிச் சொல்லியே ரெண்டு வருசம் பஞ்சாயத்து போர்டுல கணக்கு எழுதுனேன்டா," என்றார். "கணக்கு தப்பாப் போனா யாரும் சாக மாட்டாங்க. நீ பொம்பளைகள வச்சு ஓட்டியிருக்க." அவ்வளவுதான். என்னை உட்காரச் சொல்லவில்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. அன்னக்கொடி இந்த வருடம் வாசலில் விளக்கு ஏற்றவில்லை. தெருவே ஏற்றியிருக்கிறது என்றாள். நான் முற்றத்தில் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஜீப்பைக் காசிமாயன் வாங்கிக்கொண்டான். ஒச்சம்மாக்கா அதில் பின்சீட்டில் போகிறாராம்.

ஊசி போட்டுக்கொண்ட அந்த நான்கு பேரில் கோவில்பட்டிக்காரர் ஒருவருக்கு வெள்ளை வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள். அவர் பெயர் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாத்தியாராம். போன மாதம், டாக்டர் என் தாளைக் காட்டிய பிறகு சேர்ந்தவர்.

டிசம்பர் 22, திங்கள்

தாரணியை இருட்டறையிலிருந்து வெளியே விட்டுவிட்டார்கள். கண் கெடவில்லை. மருந்து வடிந்துவிட்டது, தெரிந்ததும் அதோடு போய்விட்டது. பழைய இடத்துக்கே வந்துவிட்டாள்.

சாயங்காலம் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அம்மா தெருமுனைவரை கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். முற்றத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்னக்கொடி காப்பி போடப் போனாள்.

"நாலு நாள் நல்லாத் தெரிஞ்சுச்சு சித்தப்பா," என்றாள். "மாடியில இருந்து பாத்தா மலை மேல ஜீப்பு லைட்டெல்லாம் வரிசையா ஏறுச்சு. அதுல ஒண்ணு நீங்கன்னு அம்மாகிட்டச் சொன்னேன்."

நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்க மேல கோவம்தான். ரொம்பக் கோவம். ஆனா உள்ள கெடந்தப்ப வேற ஒண்ணும் தோணுச்சு. நீங்க இன்னும் கொஞ்ச நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்னு."

"அப்படிச் சொல்லாதம்மா."

"டாக்டர் புரதத்தை மாத்துறாங்களாம். மருந்தை இறுக்கிப் பிடிச்சு, மெதுவா விடுற மாதிரி. அடுத்த வருசம் திரும்ப ஆரம்பிப்பாங்க. மொதல் பேரு நாந்தான். கையெழுத்துப் போட்டுட்டேன்."

"தாரணி."

"இந்தத் தடவை வெள்ளை வந்துச்சுன்னா, நானும் சொல்ல மாட்டேன்."

விளையாட்டாகச் சொன்னாளா என்று பார்க்கத் திரும்பினேன். காது தெரிந்தது, பின்னலின் நுனி தெரிந்தது, மடியில் வைத்திருந்த கை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வெள்ளை இருந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தேன். நான் சாய்க்கச் சாய்க்க அதுவும் கூடவே நகர்ந்தது.